மங்கியதெல்லாம் வெளியேறியதல்ல: பழ ஈ நரம்பில் நியூரோபெப்டைடு பார்க்கும் வேலை

பழ ஈயின் புழுவில், தசைமேல் பாசிமணி கோத்ததுபோல நரம்பின் முனை பச்சையாக ஒளிர்கிறது. நரம்பு செய்தி சொல்ல வெளியிடும் சிறு புரதத்துணுக்கான நியூரோபெப்டைடோடு ஒட்டிய ஜி.எஃப்.பி. என்ற ஒளிரும் புரதம்தான் அந்தப் பச்சை. நரம்பை ஒரு நிமிடம் 70 ஹெர்ட்ஸில் தூண்டுகிறோம். பச்சை குறைகிறது. உடனே நோட்டை எடுத்து "பெப்டைடு வெளியேறியது" என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். தசை ஒரு மைக்ரோமீட்டர் கீழே இறங்கினாலும் அதே அளவு பச்சை குறையும். பார்ப்பதற்காக நாம் பாய்ச்சும் ஒளியே ஜி.எஃப்.பி.யை வெளுக்கவைத்தாலும் குறையும். இந்தச் சோதனையில் பாதி உழைப்பு பச்சையைக் குறையவைப்பதில் போகிறது. மீதிப் பாதி, அது வேறெந்த வழியிலும் குறையவில்லை என்று காட்டுவதில் போகிறது.

நரம்பு முனையில் இரண்டு வகைப் பைகள் உண்டு. சினாப்டிக் வெசிக்கிள் என்ற சிறியது சுமார் 40 நானோமீட்டர். குளுட்டமேட் போன்ற சிறு மூலக்கூறுகளை அது சுமக்கிறது, காலியானால் அங்கேயே மறுபடி நிரப்பப்படுகிறது. பெப்டைடைச் சுமப்பது டென்ஸ்-கோர் வெசிக்கிள், சுமார் 100 நானோமீட்டர். இங்கே அதை அடர்பை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அடர்பைக்கு முனையில் மறு நிரப்பல் கிடையாது. செல் உடலில் சரக்கு ஏற்றி, ஆக்ஸான் வழியாக அனுப்பித்தான் ஆகவேண்டும். ஒன்றிரண்டு மின் துடிப்புக்கெல்லாம் அது பெரிதாக அசைந்துகொடுக்காது. அதனால்தான் 70 ஹெர்ட்ஸ்.

பச்சை நிறம் எங்கிருந்து வருகிறது என்றால், 2001இல் ராவ், லாங், லெவிட்டன், டைச்சர் ஆகியோர் வெளியிட்ட ஈ வகையிலிருந்து. எலியின் ஏ.என்.எஃப். ஹார்மோனின் முன்வடிவத்தோடு எமரால்டு ஜி.எஃப்.பி.யை ஒட்டி, யு.ஏ.எஸ். என்ற மரபணுச் சுவிட்சின் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். ஈக்கு அது அந்நியச் சரக்குதான். ஆனால் நரம்பு செல் அதைச் சொந்தப் பெப்டைடுபோல அடர்பையில் ஏற்றிவிடுகிறது. அந்தச் சுவிட்சைப் போடும் புரதம் கேல்4. அதை நரம்புகளில் உண்டாக்கும் எலாவ் சி155 என்ற ஈ வகையோடு கலந்தால் எல்லா நரம்புகளிலும் பச்சை தெரியும்.

கலப்பிலேயே முதல் பள்ளம் இருக்கிறது. சி155 எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. சி155 கன்னிப் பெண் ஈக்களை யு.ஏ.எஸ். ஆண்களோடு விட்டால் பிறக்கும் பிள்ளைகள் அத்தனைக்கும் அது போய்ச் சேரும். மாற்றி, சி155 ஆண்களைப் போட்டால் மகள்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், மகன்கள் இருட்டாக இருப்பார்கள். "பாதிப் புழுவில் பச்சையே இல்லை, ஸ்டாக் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். கன்னி ஈக்களை 25 டிகிரியில் என்றால் பிறந்து 8 மணி நேரத்துக்குள், 18 டிகிரியில் என்றால் 18 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். வயிற்றில் மெக்கோனியம் என்ற முதல் கழிவின் கரும்புள்ளி இன்னும் தெரிகிறதா என்று பார்ப்பது நம்பகமான வழி.

ஒரு குழாயில் 10 முதல் 15 பெண் ஈக்கள் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுக் குழாய்க்குத் தட்டிவிடுங்கள். நெரிசலில் வளர்ந்த புழு மெலிந்திருக்கும், தசை சிறுத்திருக்கும், நரம்பு முனையில் பாசிமணிபோலத் தெரியும் முடிச்சுகளும் சிறியவை. 25 டிகிரியில் ஐந்தாம் நாள் வாக்கில் மூன்றாம் நிலைப் புழுக்கள் உணவைவிட்டு வெளியேறிக் குழாயின் சுவரில் ஏறத் தொடங்கும். நமக்கு வேண்டியவை அவைதான். பச்சை போதவில்லை என்று 29 டிகிரிக்கு ஏற்றும்போது கவனம் தேவை: கேல்4 வேகமெடுத்துச் சரக்கைக் கொட்டும், செல் உடலில் தேங்கும், பையில் ஏறாத ஜி.எஃப்.பி. ஆக்ஸான் முழுக்கப் பரவி நிற்கும். நல்ல தயாரிப்பில் ஆக்ஸானுக்குள் தனித்தனிப் புள்ளிகள் ஓடுவது தெரியும். பால் ஊற்றியதுபோல ஒரே சீராகத் தெரிந்தால் அந்தப் புழுவை விட்டுவிடுங்கள்.

உப்புநீர்

1994இல் ஸ்டீவர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த எச்.எல்.3தான் இதற்கு அடிப்படை. ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 4.09 கிராம் (70 மில்லிமோலார்), பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம் (5), ஆறு நீர் மூலக்கூறுள்ள மெக்னீசியம் குளோரைடு 4.07 கிராம் (20), சோடியம் பைகார்பனேட் 0.84 கிராம் (10), ட்ரெஹலோஸ் டைஹைட்ரேட் 1.89 கிராம் (5), சுக்ரோஸ் 39.4 கிராம் (115), ஹெப்பெஸ் 1.19 கிராம் (5). பி.எச். 7.2. கால்சியத்தை இதில் சேர்க்காதீர்கள். 1 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலைத் தனியே வைத்துக்கொண்டு, வேண்டியபோது லிட்டருக்கு 1.5 மில்லிலிட்டர் என்ற கணக்கில் விட்டால் 1.5 மில்லிமோலார்.

மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உப்பு. சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் ஒரு மாதம் திறந்து மூடிய டப்பாவில் நீங்கள் நிறுப்பதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. புது டப்பா உடைத்த அன்றே 1 மோலார் கரைசலாக்கி வைத்துவிடுவது நல்லது. மெக்னீசியம் கால்சியத்தின் வேலையை அடக்குவது. அது குறைந்துபோனால் வெளியேற்றம் கூடும், நீங்கள் மரபணுமேல் பழி போடுவீர்கள். கரைசலில் இரண்டு சர்க்கரைகள் இருப்பதால் குளிர்பெட்டியிலும் பூஞ்சை பிடிக்கும். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, சிறு பங்குகளாக உறையவைத்துவிடுங்கள்.

அடுத்தது குளுட்டமேட். ஈயின் நரம்பு-தசைச் சந்தியில் தசையைச் சுருங்கவைப்பது குளுட்டமேட்தான். அதையே குளியல் கரைசலில் 7 முதல் 10 மில்லிமோலார் வரை கலந்துவிட்டால் ஏற்பிகள் மரத்துப்போகும். நரம்பு எவ்வளவு கத்தினாலும் தசை அசையாது. மோனோசோடியம் குளுட்டமேட் என்றால் 10 மில்லிமோலாருக்கு லிட்டருக்கு 1.87 கிராம். ஆமாம், சமையலறை அஜினோமோட்டோவின் அதே உப்பு. ஆனால் சமையலறைப் பொட்டலத்தை எடுத்துவராதீர்கள். குளுட்டாமிக் அமிலமாக வாங்கியிருந்தால் பி.எச். சடாரென்று இறங்கும், மறுபடி 7.2க்குக் கொண்டுவர வேண்டும்.

பிளப்பது

சில்கார்டு 184 என்ற சிலிக்கோன் ரப்பர் ஊற்றிய சின்னத் தட்டு வேண்டும். எடையில் பத்துக்கு ஒன்று கலந்து, வெற்றிடத்தில் குமிழ் நீக்கி, 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் இறுகிவிடும். 0.1 மில்லிமீட்டர் மினூஷியன் ஊசிகள், டூமோண்ட் 5ஆம் எண் ஃபோர்செப்ஸ் இரண்டு, வானாஸ் கத்தரி ஒன்று. ஊசிகளைச் சிறிதாக வெட்டிக்கொள்ளுங்கள். முழு நீளத்தில் விட்டால் நீரில் முங்கும் லென்ஸ் இறங்கும்போது அதன் முகத்தில் கீறல் விழும்.

கால்சியம் இல்லாத குளிர்ந்த எச்.எல்.3இல் புழுவை முதுகு மேலே இருக்கும்படி வையுங்கள். வெள்ளிக் கம்பிபோல நீளவாக்கில் இரண்டு மூச்சுக்குழல்கள் தெரிந்தால் அதுதான் முதுகு. வாலில் ஓர் ஊசி, வாய்க்கொக்கிப் பக்கம் ஓர் ஊசி, நடுவில் லேசாக இழுத்து. வால் அருகே தோலில் ஒரு சின்னக் கிள்ளல், அங்கிருந்து இரண்டு குழல்களுக்கும் நடுவே முன்னோக்கி வெட்டு. கத்தரியின் கீழ்முனையை எப்போதும் வானம் பார்த்துத் தூக்கியே பிடியுங்கள். அது தாழ்ந்தால் அடியில் ஓடும் நரம்பு போய்விடும். போனது உடனே தெரியாது, இருபது நிமிடம் கழித்துத் தூண்டும்போதுதான் தெரியும். நான்கு மூலையிலும் ஊசி குத்தித் தோலைப் பாயாக விரித்தபின் குடல், கொழுப்பு, மூச்சுக்குழல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குடலில் மிச்சமிருக்கும் உணவும் குழல்களும் பச்சை ஒளியில் தாமும் மினுங்கும்.

இப்போது நடுவில் மூளையும் வயிற்று நரம்புத்திரளும், அதிலிருந்து பின்னோக்கிக் குதிரைவால்போல நரம்புகளும் இருக்கும். திரளை ஃபோர்செப்ஸால் மயிரிழை உயரம் தூக்கி, நரம்புகளை அதன் ஓரத்திலேயே நறுக்குங்கள். எவ்வளவு நீளம் மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது. உறிஞ்சு மின்முனை பிடிக்க நீளம் வேண்டும். வயிற்று நடுக்கோட்டின் இருபுறமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் 6, 7ஆம் தசைகள்தான் நம் களம். அவற்றின் இடுக்கில் முடிச்சுகள் வரிசையாகக் கிடக்கும். மூன்றாம் வயிற்றுக் கண்டம் வசதி. 12ஆம் தசையில் அடர்பைகள் இயற்கையிலேயே செறிந்த மூன்றாம் வகை முடிச்சுகள் உண்டு. பழகியபின் அங்கே போகலாம்.

தூண்டும் வரிசை

இங்கே வரிசை மாறினால் எல்லாம் மாறும். குளுட்டமேட் ஊற்றிவிட்டால் தசை துடிக்காது. துடிக்காத தசையை வைத்துக்கொண்டு நரம்பு தூண்டப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? ஆகவே முதலில் குளுட்டமேட் இல்லாத, 0.5 மில்லிமோலார் கால்சியமுள்ள எச்.எல்.3. நரம்பின் வெட்டுமுனையைக் கண்ணாடி மின்முனைக்குள் உறிஞ்சுங்கள். முனையின் வாய் நரம்பைவிடச் சற்றே குறுகலாக, தீயில் வாட்டி மழுக்கியதாக இருக்கட்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் மின்சுற்று அறுந்துவிடும். 0.3 மில்லிசெகண்டு துடிப்பை நொடிக்கு ஒன்றாகக் கொடுத்து, வோல்ட்டை மெல்ல ஏற்றுங்கள். தசை முதல்முறை துள்ளும் அளவைக் குறித்துக்கொண்டு, அதன் ஒன்றரை மடங்கில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் குளுட்டமேட்டும் 1.5 மில்லிமோலார் கால்சியமும் உள்ள கரைசல், மூன்று முறை மாற்றி.

சோதனை முடிந்ததும் குளுட்டமேட்டைக் கழுவிவிட்டு மறுபடி ஒரு துடிப்பு கொடுங்கள். தசை துள்ளினால் நரம்பு கடைசிவரை பிடியில் இருந்தது. துள்ளாவிட்டால் அந்தத் தரவை ஒதுக்கிவையுங்கள். "வெளியேற்றமே இல்லை" என்ற முடிவை இந்தக் கடைசித் துள்ளல் இல்லாமல் நம்பாதீர்கள்.

மின்முனை கைவராதவர்கள் பொட்டாசியத்தைக் கூட்டித் தூண்டப் பார்ப்பார்கள், சோடியத்தைக் குறைத்து அதே அளவு பொட்டாசியம் சேர்த்து. எளிதுதான். ஆனால் பொட்டாசியம் தசையையும் நேரடியாகத் தூண்டிவிடும். குளுட்டமேட் ஏற்பியை மரக்கச் செய்தாலும் தசை சுருங்கும், முடிச்சுகள் குவியத்திலிருந்து நழுவும். ஏற்கெனவே சந்தேகம் நிறைந்த அளவீட்டில் இன்னொரு சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்குவது இது.

ஒளியின் கணக்கு

60 மடங்கு நீர்லென்ஸ், திறப்பெண் 0.9 அல்லது 1.0. தொடர்ந்து படமெடுக்காதீர்கள். 10 முதல் 15 நொடிக்கு ஒரு படம், இடையில் ஷட்டர் மூடியிருக்கட்டும். கன்ஃபோக்கல் என்றால் பின்ஹோலைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். மெல்லிய வெட்டு அழகாகத் தெரியும், ஆனால் குவியம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒளி பாதியாகும். பிரகாசமான முடிச்சின் நடுப்பகுதி கேமராவின் உச்சத்தைத் தொட்டிருந்தால் முதல் வீழ்ச்சி கண்ணுக்கே தெரியாமல் போகும். தொடங்குமுன் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

குவிய நகர்வைப் பிடிக்கச் சிவப்பில் ஒரு சாட்சி வேண்டும். நரம்பு சவ்வில் அமரும் சிவப்புப் புரதம் எதுவானாலும் சரி. உயிருள்ள தயாரிப்பிலேயே சிவப்புச் சாயமேற்றிய எச்.ஆர்.பி. எதிர்ப்பு ஆன்டிபாடியை ஊற்றிக் கழுவினாலும் சரி, பூச்சிகளின் நரம்பு சவ்வை அது பிடித்துக்கொள்ளும். பச்சையும் சிவப்பும் சேர்ந்து மங்கினால் குவியம் போயிருக்கிறது. பச்சை மட்டும் மங்கினால் மேலே யோசிக்கலாம்.

மேலே யோசிக்க மூன்று ஒப்பீடுகள் வேண்டும். தூண்டாமல், அதே எண்ணிக்கைப் படங்கள்: இது வெளுப்பைச் சொல்லும். கால்சியம் இல்லாமல், அதே தூண்டுதல்: மின்சாரமே படத்தைக் கெடுக்கிறதா என்று சொல்லும். கால்சியத்தோடு தூண்டுதல். கடைசியதில் மட்டும் வீழ்ச்சி இருந்தால்தான் அது வெளியேற்றம். முடிச்சு முழுக்க இருண்டுபோக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடர்பை முழுவதுமாகச் சவ்வில் கலந்து கொட்டிவிடுவது ஒரு வழி. ஈயின் முனையில் நடப்பது பெரும்பாலும் வாயைக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் கொடுத்து, மூடிக்கொள்வது. லெவிட்டன் குழு 2015இல் காட்டியது அதைத்தான். டைனமின் என்ற புரதம் அந்த வெளியேற்றத்தைக் கூட்டுகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள்.

பாலூட்டிச் செல்களில் பழகிவிட்டு ஈக்கு வருபவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. பாலூட்டிகளின் அடர்பை உள்ளே அமிலமாக இருக்கும், பி.எச். 5.5 முதல் 6 வரை. அந்த அமிலத்தில் ஜி.எஃப்.பி. மங்கியிருந்து, பை திறந்ததும் பளிச்சிடும். ஈயிலும் அந்தப் பளிச்சை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். வராது. ஈயின் இயக்க நரம்பு முனைகளில் அடர்பைகள் கிட்டத்தட்ட நடுநிலை பி.எச்.சில் இருக்கின்றன என்று 2006இல் அளந்து காட்டிவிட்டார்கள். இங்கே பச்சை குறைவதை அப்படியே சரக்கு குறைவதாக எடுத்துக்கொள்ள முடிவது அதனால்தான். வேறு வகை நரம்புக்குப் போனால் இதை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கடைசியில் 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு ஊற்றிப் பாருங்கள். பச்சை துள்ளி ஏறினால் உள்ளே அமிலம் இருந்திருக்கிறது, உங்கள் கணக்கைத் திருத்த வேண்டும்.

அளக்கும் நேரமும் முக்கியம். தூண்டல் நின்ற சில நிமிடங்களில் பச்சை மெல்ல ஏறத் தொடங்கும். புதிதாகச் செய்பவர்கள் இதைக் கருவிக் கோளாறு என்று நினைப்பார்கள். ஆக்ஸானில் கடந்துபோகும் பைகளை, தூண்டப்பட்ட முடிச்சு பிடித்து வைத்துக்கொள்கிறது. அடர்பைகள் ஒருவழிப் பயணிகள் அல்ல என்பதை 2012இல் லெவிட்டன் குழு காட்டியது. கடைசி முடிச்சுவரை போய், நிற்காதவை திரும்பி, ஆக்ஸான் வழியாக மேலே ஏறி, மறுபடி இறங்குகின்றன. போகிற வழியில் அங்கங்கே சில பிடிபடுகின்றன. ஊர் சுற்றிவரும் டவுன் பஸ் மாதிரி. எனவே வெளியேற்றத்தை அளக்கத் தூண்டல் முடியும் நொடிதான் சரி. ஐந்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் இருப்பது வெளியேற்றமும் வரவும் கழிந்த மிச்சம்.

முடிச்சுகளை எண்ணி மாதிரி அளவு என்று போடும் பழக்கமும் இருக்கிறது. ஒரு புழுவில் பத்து முடிச்சு அளந்தால் அது பத்து அல்ல, ஒன்று. அவை ஒரே நரம்பில், ஒரே தூண்டலில், ஒரே பிளப்பில் வந்தவை. புழுவுக்கு ஒரு சராசரி, அந்தச் சராசரிகளுக்குப் புள்ளியியல்.

குறைவதைவிடக் கூடுவதைப் பார்ப்பது

மங்கலை அளப்பது சங்கடம் என்பதால் வேறு கருவிகள் வந்தன. பெப்டைடோடு ஃப்ளோரோஜன் பிடிக்கும் ஒரு புரதத்தை ஒட்டிவிடுவார்கள். ஃப்ளோரோஜன் என்பது தனியே இருக்கும்போது இருட்டாகவும், புரதத்தில் ஒட்டினால் ஒளிர்வதாகவும் உள்ள சாயம். சவ்வைத் தாண்ட முடியாத, மாலகைட் கிரீன் வழிவந்த சாயம் வெளியே நிற்கும். பையின் வாய் திறந்தால் சாயம் உள்ளே போய் ஒட்டி ஒளிரும், திறக்காதவரை இருட்டு. ஈயின் இன்சுலின் போன்ற பெப்டைடான டில்ப்2ஓடு இதை இணைத்து 2019இல் பார்த்தபோது, தூண்டாமலே தானாகத் திறக்கும் வாய்களும் தெரியவந்தன. இதில் எச்சரிக்கை ஒன்றுதான்: பிளக்கும்போது கிழிந்த ஆக்ஸானுக்குள்ளும் சாயம் புகும். வெட்டு ஓரத்துக்குப் பக்கத்து முடிச்சுகளை அளக்காதீர்கள். அதே ஆண்டு வந்த இன்னொன்றில் பெப்டைடோடு கால்சியம் உணரியான ஜிகேம்ப்6எஸ்ஸை ஒட்டியிருந்தார்கள். வெளியேறியதும் புறத்திலிருக்கும் கால்சியம் பட்டு ஒளிரும், பிறகு கரைந்து பரவிவிடும். கண நேர ஒளி அது. 15 நொடிக்கு ஒரு படம் என்ற பழைய பழக்கம் இங்கே உதவாது, வேகமாக எடுக்க வேண்டும்.

மூளைக்குப் போனால்

ஈயின் பகல்-இரவுத் தாளத்தை நடத்தும் கடிகார நரம்புகளின் பி.டி.எஃப். பெப்டைடைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சாயமேற்றித்தான் பார்க்கிறார்கள். சி7 என்ற ஆன்டிபாடி நன்றாகவே வேலை செய்கிறது. மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் பி.டி.எஃப். உள்ள, எல்.என்.வி. எனப்படும் கடிகார நரம்பு செல்களில் சிறியவை நான்கு, பெரியவை நான்கு. தவறு நடப்பது விளக்கத்தில். காலையில் முனையில் சாயம் தூக்கலாக இருந்தால் "காலையில் அதிகம் வெளியேறுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். சாயம் காட்டுவது இருப்பை. வந்தது, போனது, அங்கேயே சிதைந்தது எல்லாம் கழித்த இருப்பு. கடையில் மூட்டை அடுக்கி நிற்பதை வைத்து வியாபாரம் அமோகம் என்றும் சொல்லலாம், போணியே ஆகவில்லை என்றும் சொல்லலாம்.

நேரத்தைக் கையாள்வதும் வேண்டும். ஒரு மூளையைப் பிரித்தெடுக்கக் கைதேர்ந்தவருக்கும் மூன்று நான்கு நிமிடம் ஆகும். விளக்கு எரிந்த இரண்டாம் மணி என்று பெயரிட்டு இருபது மூளைகளை வரிசையாக எடுத்தால், கடைசி மூளைக்குள் மூன்றாம் மணி தாண்டியிருக்கும். ஐந்தைந்தாக எடுத்து உடனே 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் போடுங்கள். ஒப்பிடவேண்டிய இரண்டு நேரங்களையும் ஒரே நாளில், ஒரே சாயக் குழாயில் முடிக்க, விளக்கு அட்டவணை தலைகீழாக வைத்த இரண்டாவது இன்குபேட்டர் ஒன்று இருந்தால் பாதி வேதனை தீரும்.

படமெடுக்கும்போது முனையோடு செல் உடலையும் சேர்த்து எடுங்கள். 2021இல் இந்தக் கடிகார நரம்புகளில் வெளியேற்றத்தையே நேரடியாகப் பார்த்தபோது, முனையில் உச்சம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே செல் உடலிலிருந்து பெப்டைடு வெளியேறுவது தெரிந்தது. முனைக்கு வெளியிலிருந்து நுழையும் கால்சியம் வேண்டும், செல் உடலை முடுக்கிவிடுவதோ ஐ.பி.3 என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு. செல் உடலை வெட்டி எறிந்த படங்கள் பழைய வன்தட்டுகளில் நிறையக் கிடக்கும். மூலக் கோப்பு இருந்தால் முழுச் சட்டகத்தோடு மறுபடி திறந்து, செல் உடலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அளந்துவிடுங்கள்.